சித்தப்பா விட்டுப்போன ஹிமாலயன்: முதலில் எதைத் தொடுவது?

சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து ஒன்றரை வருஷம் தார்ப்பாய்க்குள் நின்ற வண்டி அது. ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன், 411 சிசி, 2018 மாடல். காரியம் எல்லாம் முடிந்த பிறகு சித்தி சாவியை என்னிடம் கொடுத்தார். இப்படி ஒரு வண்டி கைக்கு வந்தால் விரல் நேரே ஸ்டார்ட் பட்டனுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். ஓடுமா என்று பார்க்கும் முன், நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

1. டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் செய்தது. டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். ஆறேழு வருஷ ரப்பர் இறுகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. டயர் அளவு முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. டியூபையும் சேர்த்தே மாற்றுங்கள். கையோடு ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டுங்கள். ‘டிங்’ என்றால் சரி, ‘டொக்’ என்றால் தளர்ந்திருக்கிறது.

2. பிரேக். பெரும்பாலோர் மறப்பது பிரேக் ஆயிலை. இதில் ஊற்றும் டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவிக் குமிழாகிவிடும். லீவரை அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. வண்டி ஓடினாலும் சும்மா நின்றாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். எங்கள் வண்டியில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் பிரேக் குழாயிலிருந்து காற்றெடுக்கும் வேலையை முதல்முறை மெக்கானிக்கிடமே விடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பிரேக் ஆயில் பெயின்ட் மேல் சிந்தினால் அரித்துவிடும்.

3. கோன் செட். ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்தான் இது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் மாட்டினால் கோன் செட் போய்விட்டது. ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்) அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. கல்லிலும் குழியிலும் ஓடிய வண்டிக்கு இது கட்டாயம்.

4. பெட்ரோல், ஆயில். பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். எத்தனால் கலந்தது என்பதால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கியிருக்கலாம். பெட்ரோல் பம்ப் இருப்பதும் டாங்குக்குள்தான், அந்தத் தண்ணீர் அதற்கும் போகும். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாக மாற்றுங்கள். இறங்கும் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும். செயினில் துரு இருந்தால் ஸ்ப்ராக்கெட்டோடு (செயின் ஓடும் பல்சக்கரம்) செட்டாக மாற்றுவது நல்லது.

சித்தப்பா சர்வீஸ் புத்தக ஓரத்தில் எதை எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார் என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தார். அதனால் எனக்குப் பாதி வேலை மிச்சம். டாங்க் பையைத் துழாவிப் பாருங்கள், உங்களுக்கும் ஏதாவது கிடைக்கலாம்.

5. காகிதம். நான் கடைசியில் சொன்னாலும் கெடு இதற்குத்தான். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்துவிட்டால், அவர் பெயரிலேயே மூன்று மாதம் ஓட்டலாம். அதற்குள் படிவம் 31 (வாரிசு பெயருக்கு மாற்றும் விண்ணப்பம்) கொடுத்து ஆர்சியை மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் தானாக மாறாது, தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் போதும். திரும்பி வந்ததும் ஆக்சில் நட்டையும் ஸ்போக்கையும் இன்னொரு முறை பாருங்கள்.