கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் கனடா ராணுவ பிக்கப்: மீட்பதும் அதன் வரலாற்றைக் கண்டுபிடிப்பதும்

சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா, மனிடோபா மாகாணங்களின் பண்ணைகளில், தானியக் கொட்டகைக்குப் பின்னால் புல் மூடிய பழைய ராணுவ வண்டிகள் இன்றும் கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது கனடா 8 லட்சத்துக்கும் அதிகமான ராணுவ வாகனங்களைத் தயாரித்தது. அவற்றில் பெரும்பங்கு சி.எம்.பி. (கனேடியன் மிலிட்டரி பேட்டர்ன், அதாவது கனடா ராணுவ மாதிரி) என்று சுருக்கமாக அழைக்கப்படும் லாரிகள். சந்தையில் எதிரிகளான ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ராணுவத்துக்காக ஒரே அமைப்பில் செய்து கொடுத்தவை அவை. போர் முடிந்ததும் வார் அசெட்ஸ் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனம் மிச்ச சரக்கை விற்றது. டிராக்டருக்கே வரிசையில் நின்ற விவசாயிகள் அவற்றை வாங்கி, பின்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானியப் பெட்டியைப் பொருத்திக்கொண்டார்கள்.

இந்த விளக்கம் அந்த வரிசையில் மிகச் சிறியவற்றுள் ஒன்றான 15 ஹண்ட்ரட்வெயிட் (112 பவுண்டு கொண்ட பழைய பிரிட்டிஷ் எடை அளவு) பிக்கப்பைப் பற்றியது. தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே பிரஷர் வாஷரை எடுத்து வண்டியைக் கழுவிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த வண்டியின் ஆவணங்களில் பாதி அதன் பெயின்ட் அடுக்குகளில்தான் இருக்கிறது.

1. எந்த வண்டி என்று அடையாளம் காணுங்கள்

சி15, எஃப்15 போன்ற மாடல் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. சி என்றால் செவர்லே, எஃப் என்றால் ஃபோர்டு. பின்னால் வரும் எண், ஹண்ட்ரட்வெயிட் கணக்கில் சுமைத்திறன். 15 என்றால் 1,680 பவுண்டு, ஏறத்தாழ 762 கிலோ. சி15 இரு சக்கர இயக்கம். சி15ஏ நான்கு சக்கர இயக்கம்.

மாடல் பெயர் பொறித்த தகடு தொலைந்திருந்தால் முகப்பு வலையைப் பாருங்கள். கம்பிகள் சாய்வாகக் குறுக்கிட்டு வைர வடிவக் கண்ணிகளாக இருந்தால் செவர்லே. சதுரக் கண்ணிகளாக இருந்தால் ஃபோர்டு. அடுத்து முன்கண்ணாடி. மேல்விளிம்பு முன்னே நீட்டி, கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் அது 13ஆம் வகை கேபின், போரின் பின்பாதியில் வந்தது. விமானத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் வெயில் பட்டுத் தெறிக்கக் கூடாது என்பதற்காக அந்தச் சாய்வு. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்து யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் முறைப்படி அப்படித்தான் செய்தார்கள்.

எஞ்சின் எண்ணை நம்பி முடிவு கட்டாதீர்கள். பண்ணையில் எஞ்சின் மாற்றுவது சட்டை மாற்றுவது போலத்தான். சேசிஸ் சட்டகத்தைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, அதில் பொறித்த எண்ணைத் தேடுங்கள். கேபினுக்குள் இருக்கும் தகடுகளைத் தேய்க்காமல், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தாலே போதும், எழுத்து தெரிந்துவிடும்.

2. காகிதம் முதலில்

நிலத்தின் உரிமையாளரிடம் சேசிஸ் எண் குறிப்பிட்ட விற்பனைச் சீட்டை எழுதி வாங்கிய பிறகே வண்டியைத் தொடுங்கள். வாங்கும்போதே அவர்கள் குடும்பத்தில் வண்டி எப்போது வந்தது, எந்த ஏலத்தில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பின்பெட்டி, ஜெர்ரி கேன் தாங்கி போன்றவை பண்ணையின் வேறொரு மூலையில் கிடக்கலாம். அதையும் கேளுங்கள்.

3. இழுப்பதற்கு முன்

பருவத்தைப் பார்த்து நாள் குறியுங்கள். அறுவடை முடிந்து, நிலம் உறைவதற்கு முந்தைய வாரங்கள்தான் என் தேர்வு. தரை கெட்டியாக இருக்கும், விவசாயிக்கும் நேரம் இருக்கும்.

கேபினுக்குள் எலிக்கூடு நிச்சயம் இருக்கும். அங்குள்ள மான் எலிகள், நுரையீரலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய ஹான்டா வைரஸைப் பரப்பக்கூடியவை. கூட்டை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, கையுறையும் என்95 முகக்கவசமும் அணிந்து அள்ளுங்கள்.

இப்போது சக்கரம். இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இந்த வண்டியின் 16 அங்குல ரிம் ஒரே வார்ப்பு அல்ல. இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டு இணைத்தது. ஆகவே நட்டுகள் இரண்டு வட்டங்களாக இருக்கும். நடுவில் உள்ள வட்டம் சக்கரத்தை அச்சோடு பிணைக்கிறது. வெளிவட்டம் ரிம்மின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்ட நட்டுகளைத் தளர்த்தினால், ரிம் பாதி வெடித்துப் பறக்கும். எதிரே இருப்பவர் உயிர் போகும். முதலில் வால்வின் ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்குங்கள். வால்வில் துரு அடைத்திருக்கலாம். கம்பியை விட்டு உறுதிப்படுத்துங்கள். பழைய ரிம்மில் காற்று நிரப்பும் வேலையைப் பாதுகாப்புக் கூண்டு உள்ள டயர் கடையிடம் விடுங்கள்.

வண்டி இரண்டு டன்னுக்கு மேல் எடை. பம்பரில் சங்கிலி மாட்டாமல் சட்டகத்தில் மாட்டி, சாயும் டிரெய்லரில் வின்ச் (கேபிளைச் சுருட்டி இழுக்கும் கருவி) வைத்து மெதுவாக ஏற்றுங்கள். வின்ச் கேபிள் இறுகியிருக்கும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. சக்கரம் சுழலாவிட்டால் பிரேக் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். டிரம்மைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி விடுவியுங்கள். உள்ளே இருக்கும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

4. பெயின்டைப் படியுங்கள்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பானெட்டின் பக்கங்களிலும் கதவுகளிலும்தான் ராணுவப் பதிவெண் எழுதினார்கள். நுண்ணிய உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். பழைய பெயின்டில் ஈயம் உண்டு. ஈரமாகத் தேய்ப்பது அதற்காகவும்தான். விவசாயி அடித்த சிவப்போ நீலமோ கரைந்து, கீழே ராணுவ நிறம் தெரியும். போரின் தொடக்கத்தில் காக்கிப் பச்சை, நடுவில் பழுப்பு, 1944 முதல் ஆலிவ் பச்சை என்பது பொதுவான வரிசை. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், அந்த வண்டி ராணுவத்தில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது.

வெள்ளை எழுத்து எட்டிப் பார்க்கும் கணத்தில் தேய்ப்பதை நிறுத்திப் படம் எடுங்கள். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் நன்றாகத் தெரியுமே என்ற ஆசையில் எண்ணையே அழித்தவர்கள் ஏராளம். எண்ணின் முன்னால் சி.இசட். இருந்தால் சி கனடாவையும், இசட் 15 ஹண்ட்ரட்வெயிட் போன்ற சிறு டிரக்கையும் குறிக்கும். எல் என்பது பெரிய லாரி.

முன்னும் பின்னும் வண்ணச் செவ்வகம் தெரிந்தால் அது டிவிஷன் (ராணுவத்தின் பெரும் படைப்பிரிவு) அடையாளம். முதல் கனடா டிவிஷனுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்குச் சாம்பல், நான்காவதற்குப் பச்சை, ஐந்தாவதற்கு அரக்குச் சிவப்பு.

விற்பவர் "இது நார்மண்டியில் இறங்கிய வண்டி" என்று, 1944இல் நேச நாட்டுப் படைகள் இறங்கிய பிரான்ஸ் கடற்கரையைச் சொல்வார். புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். கடல் கடந்து போன வண்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டன. இந்த மூன்று மாகாணங்களின் பண்ணையில் கிடைப்பது ஷைலோ, டண்டர்ன் போன்ற உள்நாட்டு முகாம் ஒன்றிலோ, நேச நாட்டு விமானிகள் பயிற்சி பெற்ற விமானத் தளம் ஒன்றிலோ உழைத்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் குறைவொன்றும் இல்லை.

கிடைத்த எண்களையும் படங்களையும் வைத்துக்கொண்டு, ஆட்டவாவில் உள்ள கனடா போர் அருங்காட்சியகத்தின் ஆய்வு மையத்துக்கும், கனடா நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதுங்கள். "என் வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான பதிலே வரும். சேசிஸ் எண், பதிவெண், முகாமின் பெயர், ஆண்டு என்று குறுக்கிக் கேளுங்கள்.

5. எஞ்சின்

செவர்லே என்றால் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், 85 குதிரைத்திறன். அக்காலச் சாதாரண செவர்லே வண்டிகளிலும் இதே குடும்பம்தான் ஓடியது என்பதால் உதிரிபாகம் தேடுவது சுலபம். ஃபோர்டில் 239 கன அங்குல வி8; அதைத் தொடும் முன் பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இறுகிப்போன எஞ்சினை வண்டியை இழுத்துச் சுழற்ற முயலாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துருநீக்கி எண்ணெய் விட்டு, சில வாரங்கள் ஊறவிடுங்கள். செவர்லேயில் மேல்மூடியைத் திறந்து, வால்வு எல்லாம் அசைகிறதா என்று தட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட வால்வோடு சுழற்றினால், வால்வைத் தள்ளித் திறக்க உதவும் தண்டான புஷ்ராடு வளையும். பிறகு முன்பக்கத் துளையில் கை ஹேண்டிலைச் செருகி முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள்.

216இல் இணைப்புத் தண்டுகளுக்கு அழுத்தத்தில் எண்ணெய் போவதில்லை. தண்டின் அடியில் உள்ள சிறு அகப்பை தொட்டியிலிருந்து எண்ணெயை மொண்டுகொள்கிறது. அதனால் எண்ணெய் அழுத்தமானி தாழ்வாகக் காட்டுவது இயல்பு. ஆனால் அடித்தட்டில் பல்லாண்டுக் கசடு படிந்திருந்தால் அகப்பைக்கு எண்ணெய் எட்டாது. அடித்தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் எஞ்சினை இயக்கக் கூடாது.

பாட்டரி பெரும்பாலும் 6 வோல்ட். எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று பார்த்த பிறகே மாட்டுங்கள். பழைய டேங்கை நம்ப வேண்டாம்; சிறு கேனில் புதிய பெட்ரோல், பக்கத்தில் தீயணைப்பான். எஞ்சின் ஓடிவிட்டாலும், பிரேக்கின் சக்கர சிலிண்டர்களும் ரப்பர் குழாய்களும் புதிதாகும் வரை வண்டி முற்றத்தைத் தாண்டக் கூடாது.