குழலில் இருக்கும் பெயரை முழுசாகப் படியுங்கள்

சுடுதளத்தில் புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், "குழலில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பேன். பாதிப் பேர் "9 எம்எம்" என்று சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்துவார்கள். அதற்குப் பிறகும் ஒரு சொல் இருக்கும், அதைப் படிக்கமாட்டார்கள். கூட்டத்தில் "அண்ணே" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள் இல்லையா, வெறும் 9 எம்எம் என்பதும் அப்படித்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். முழுசாக உள்ளே போடுவது தோட்டா. பறந்து போவது அதன் நுனியில் இருக்கும் குண்டு மட்டும். பித்தளை உறை, அடியில் தட்டியதும் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, மேலே குண்டு: நாலும் சேர்ந்ததுதான் தோட்டா. காலிபர் என்ற எண் குண்டின் குறுக்களவை ஏறக்குறையச் சொல்லும், அவ்வளவுதான். உறை எவ்வளவு நீளம், வெடிக்கும்போது எவ்வளவு அழுத்தம் என்பதையெல்லாம் அது சொல்லாது.

ஒருநாள் ஒருவர் புதுப் பெட்டியோடு வந்தார். மேலே "9 எம்எம் குர்ஸ்" என்று இருந்தது. அவர் கையில் இருந்ததோ 9 எம்எம் லூகர் பிஸ்டல். ஜெர்மன் மொழியில் குர்ஸ் என்றால் குட்டை. .380 ஏசிபி, 9 எம்எம் ஷார்ட், 9 எம்எம் கோர்ட்டோ எல்லாமே அந்தக் குட்டைத் தோட்டாவின் பெயர்கள்தான். லூகருக்கும் பாரபெல்லம், 9×19 என்று வேறு பெயர்கள் உண்டு. இந்த 19 என்பது உறையின் நீளம், மில்லிமீட்டரில். குர்ஸுக்கு அது 17. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் உயர வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒன்றை மட்டும் கையில் கொடுத்தால் எனக்கே சந்தேகம் வரும்.

அந்த 2 மில்லிமீட்டர் ஏன் முக்கியம்? இந்த வகைத் தோட்டாவில் உறையின் வாய்தான் அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) உள்விளிம்பில் முட்டி நிற்க வேண்டும். குட்டையானது முட்டாமல் முன்னால் போய்விடும். சில நேரம் வெடிக்காது. சில நேரம் பின்னால் இருக்கும் கொக்கி பிடித்துக்கொள்ள, வெடித்தும் விடும். வெடித்ததைப் பார்த்து "பொருந்துகிறதே" என்று நினைப்பதுதான் ஆபத்து. 9×18 மக்காரோவ் இன்னொரு வம்பு. பெயரில் 9 இருந்தாலும் குண்டின் குறுக்களவு சுமார் 9.27 மி.மீ. லூகரின் குண்டு 9.01.

என்னைக் கேட்டால் இதைவிட மோசமானது .40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற இன்னும் தடித்த தோட்டாவுக்கான துப்பாக்கிக்குள் 9 எம்எம் நுழைவது. பக்கத்து மேசைத் தோட்டா உருண்டு வந்து கலந்தாலே போதும். உறைக்கும் அறைச் சுவருக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் உறை வீங்கும், கிழியும். ஒரு மேசையில் ஒரே வகைத் தோட்டாதான் இருக்கலாம் என்று நான் கறாராக நிற்பது இதனால்தான்.

ரிவால்வரில் ஒருவழிப் பாதை உண்டு. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போட்டுச் சுடலாம். திருப்பிச் செய்யக் கூடாது. இரண்டுக்கும் குண்டின் அளவு ஒன்றே, .357 இன்ச். .38 என்பது உறையின் குறுக்களவே குண்டுக்கும் இருந்த பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட எண். மேக்னம் உறையை 3 மி.மீ. அளவுக்கு நீட்டியதே, அது .38 அறைக்குள் முழுசாகப் போகக் கூடாது என்றுதான். அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்த உச்ச அழுத்தம் .38 ஸ்பெஷலுக்கு 17,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), மேக்னத்துக்கு 35,000. நிறைய .38 சுட்டால் அறையில் கரி வளையம் படியும், அப்புறம் மேக்னம் இறங்க அடம் பிடிக்கும். தட்டி உள்ளே தள்ளாதீர்கள், சுத்தம் செய்யுங்கள். .44 ஸ்பெஷல், .44 மேக்னமும் இதே கதைதான். ஆனால் .38 எஸ் அண்ட் டபிள்யூ என்பது வேறு தோட்டா, .45 கோல்ட்டும் .45 ஏசிபியும் வேறு வேறு. .22 எல்ஆர் தோட்டாவை .22 மேக்னம் அறையில் போடக் கூடாது. அந்த அறை அகலமானது, உறை பிளக்கும்.

பெயருக்குப் பின்னால் "+பி" என்று இருந்தால் வழக்கத்தைவிட அதிக அழுத்தம். உங்கள் துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் மட்டும் போடுங்கள். பழைய துப்பாக்கி என்றால் வேண்டவே வேண்டாம்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? தோட்டாவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நாணயத்தில் இருப்பது போல வளைவாக எழுத்து பொறித்திருக்கும். அதுவும், பெட்டியில் இருப்பதும், குழலில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ராணுவத் தோட்டாக்களில் பலவற்றில் தயாரிப்பாளர் குறியும் ஆண்டும்தான் இருக்கும், வகையின் பெயர் இருக்காது. பெட்டி இல்லாமல் அப்படி ஒன்று கிடைத்தால் நான் தனி டப்பாவில் போட்டுவிடுவேன். குழலில் எழுத்து தேய்ந்திருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி அறையை அளக்கச் சொல்லுங்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கை நோக்கியே வைத்து 30 வினாடி பொறுங்கள், பிறகு தோட்டாவை வெளியே எடுங்கள். "டப்" என்று சோம்பலாக ஒரு சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள்.