பழைய குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் நேரத்தைத் திருத்துதல்

முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். பழைய குவார்ட்ஸ் கடிகாரங்களுக்கு 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரியே ஏற்றது. அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் படிப்படியாக இறங்குவதால் ஓட்டமும் மாறக்கூடும்.

பிறகு, வழக்கம்போல் கையில் அணிந்தபடியே ஒரு வாரம் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, முந்துகிறதா பிந்துகிறதா என்பதை நொடிக்கணக்கில் குறித்துவையுங்கள். மேசையில் வைத்து அளப்பது மதுரையில் போதாது. நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் சுமார் 25 டிகிரி செல்சியஸில்தான் மிக வேகமாக அதிரும். வெப்பம் அதிலிருந்து ஏறினாலும் இறங்கினாலும் பிந்தும். சித்திரை வெயிலில் 40 டிகிரியை நெருங்கும் மாடியறையில் கிடக்கும் கடிகாரம், 25 டிகிரியில் ஓடுவதைவிட நாளொன்றுக்கு அரை நொடி அளவில் பிந்துவது இயல்பே. ஆகவே, கோடையில் திருத்தியதை மார்கழியில் மறுபடியும் சோதிப்பது நல்லது.

பின்மூடியைத் திறந்தால், பல பழைய கடிகாரங்களில் ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் டிரிம்மர் என்னும் சிறு திருகு தெரியும். அதன் நிலையைப் படமெடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழையளவு மட்டும் திருப்பி, மீண்டும் ஒரு வாரம் பாருங்கள். பொறுமையே இங்கு முக்கியக் கருவி. அந்தத் திருகு இல்லாத கடிகாரத்தில் வேறெதையும் நெம்பாதீர்கள்.

அணியாமல் வைக்கும் கடிகாரத்திலிருந்து பேட்டரியை அவசியம் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் சுற்றுப்பலகை அரித்துப்போகும்.