கண்ணாடி விலங்கு உருவங்களின் பிறப்பிடத்தையும் தரத்தையும் கண்டறிவது எப்படி?

கலைக் கண்ணாடியில் செய்த மீனோ பறவையோ கைக்கு வந்ததும் ஒட்டுச்சீட்டைத் தேடுவதே பலரின் வழக்கம். அதைக் கடைசிக்கு வையுங்கள். சீட்டை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். உருகிய கண்ணாடியைக் கையாண்ட விதம் பதித்துச் சென்ற தடங்களை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது.

முதல் படியாக, சீட்டு நனையாதபடி ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, உருவத்தை மெத்தென்ற துணியின் மேல் கவிழ்த்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் அடிப்பாகத்தைப் பாருங்கள். கையால் வடிக்கும்போது சூடான கண்ணாடியை ஓர் இரும்புக்கோலில் ஒட்டிப் பிடிப்பது உண்டு. பின்னர் கோலைத் தட்டிப் பிரித்த இடத்தில் சொரசொரப்பான வடுவோ, அதைத் தேய்த்து மெருகிட்ட பரப்போ இருக்கும். அச்சில் அழுத்திச் செய்தவற்றின் பக்கங்களில் மெல்லிய இணைப்புக்கோடு ஓடலாம். அச்சு என்றாலே மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்: பிரான்சின் லாலிக் நிறுவனத்து உருவங்கள் பலவும் அச்சில் உருவானவையே. அங்கே தரத்தைக் காட்டுவது, பனிபடர்ந்தாற்போன்ற மங்கல் பரப்பும் பளிங்கு போன்ற மெருகும் சந்திக்கும் இடத்தின் துல்லியம்.

அடுத்து, உருவத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெனிஸை அடுத்த முரானோ தீவின் 'சொம்மெர்சோ' முறையில் ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் போர்த்தப்படுகிறது. நல்ல வேலையில் நிற எல்லைகள் கலங்காமல் தெளிவாக நிற்கும். ஒழுங்காக அணிவகுத்த குமிழிகள் திட்டமிட்ட அலங்காரம். அங்கங்கே சிதறியவை பெரும்பாலும் கவனக்குறைவு. இந்தப் பாணியைப் பிற நாடுகளிலும் பின்பற்றுவதால், பாணி மட்டும் பிறப்பிடத்துக்குச் சான்றாகாது.

இருளில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காட்டினால் யுரேனியம் கலந்த கண்ணாடி பளிச்சென்ற பச்சையாக ஒளிரும். மாங்கனீசு கலந்ததும் மங்கலாகப் பச்சை காட்டக்கூடும் என்பதால், இதை வைத்து வயதைக் கணிக்க வேண்டாம். ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் போலராய்டு தாள்கள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, அவற்றுக்கு நடுவே நிறமற்ற உருவத்தைப் பிடித்து, கழுத்திலோ கால்களிலோ ஒளித்திட்டுகள் அழுத்தமாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். சரியாக ஆறவிடாமல் உள்ளே தங்கிய இறுக்கம் அது, பின்னாளில் விரிசலாகலாம்.

இப்போது முத்திரைக்கு வரலாம். 'ஆர். லாலிக்' என்ற கையொப்பம் அந்த நிறுவனத்தை நிறுவி 1945-இல் மறைந்த ரெனே லாலிக்கின் காலத்துக்குரியது. ஆஸ்திரிய நிறுவனமான ஸ்வரோவ்ஸ்கியின் படிக உருவங்கள் 1976-இல் ஓர் எலியுடன் தொடங்கின. அந்நிறுவனத்தின் அன்ன முத்திரை 1980-களின் இறுதியில்தான் வந்தது. ஆகவே அன்ன முத்திரையுடன் ஓர் உருவத்தை 1976-ஆம் ஆண்டினது என்று விற்றால் அது பொருந்தாது. பொறித்த கையொப்பத்தை லென்ஸில் பாருங்கள்: பல ஆண்டுகள் மேசையில் உராய்ந்த கீறல்கள் எழுத்துகளின் மேலும் ஓட வேண்டும், எழுத்துகள் அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு போனால், பெயர் பின்னாளில் பொறிக்கப்பட்டது.