வண்ணமிட்ட கூந்தலும் சேலத்துத் தண்ணீரும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கமோ ஃபேர்லேண்ட்ஸ் பக்கமோ ஒரு பார்லரில் சில ஆயிரங்களைச் செலவழித்துத் தலைமுடிக்கு வண்ணமிட்டு வந்தவர்கள், மூன்றாவது வாரத்தில் நிறம் மங்கியதும் முதலில் பார்லரையும் அடுத்தபடியாக ஷாம்பூவையும் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே முதன்மைக் காரணமல்ல. அடுத்த முறை பார்லருக்குச் செல்லும்வரை உள்ள ஐந்தாறு வாரங்களில் எந்தத் தண்ணீர், எவ்வளவு சூட்டில், எத்தனை முறை தலையில் விழுகிறது என்பதும், மங்கிய நிறத்தை நாமே சரிசெய்துவிடலாம் என்று நினைத்து வீட்டில் செய்யும் வேலைகளும்தான் அந்த நிறம் எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

நிரந்தரச் சாயம் எனப்படும் வகையில், அம்மோனியாவோ அதற்கு மாற்றான வேறொரு காரப்பொருளோ முடியின் மேலுறைச் செதில்களைத் தளர்த்துகிறது. சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் என்ற திரவத்தில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே சென்று, முடியின் இயற்கை நிறமியான மெலனினை ஓரளவு வெளுக்கச் செய்வதோடு, சிறு மூலக்கூறுகளாக நுழைந்த சாயப்பொருள்களை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய வண்ண மூலக்கூறுகளாக மாற்றுகிறது. பெரிதாகிவிட்டதால் அவை எளிதில் வெளியேறுவதில்லை; ஆனால் ஒருமுறை தளர்ந்த செதில்களும் பழையபடி முழுமையாகப் படிந்துகொள்வதில்லை. ஆகவே வண்ணமிட்ட முடி, இடாத முடியைவிட விரைவாக நீரை உறிஞ்சி உப்புகிறது. அப்படி உப்பும் ஒவ்வொரு முறையும் நிறத்தில் கொஞ்சம் கரைந்து வெளியேறுகிறது. பர்கண்டி, செம்பு போன்ற சிவப்புச் சாயல்களில் இந்த இழப்பு மற்றவற்றைவிட முன்னதாகவே கண்ணுக்குத் தெரியும். 'அம்மோனியா இல்லை' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து முடிக்கு எந்தச் சேதமும் இல்லை என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. அம்மோனியாவுக்குப் பதிலாக எத்தனாலமைன் போன்ற வேறொரு காரம் அதில் இருக்கக்கூடும். அதற்கு நெடி குறைவு, அவ்வளவுதான்.

நம் ஊரில் மிகுதியாகக் காணப்படும் தவறு, வியாழக்கிழமை வண்ணமிட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வழக்கம் தவறாமல் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பது. வண்ணமிட்ட பிறகு குறைந்தது இரண்டு, மூன்று நாள்களாவது தலைக்கு ஊற்றாமல் இருப்பதே நல்லது. அதன் பிறகும் எண்ணெயைக் கைவிட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் முடியின் உட்பகுதிவரை ஊடுருவக்கூடியது; குளிப்பதற்கு முன் அளவாகத் தடவிக்கொண்டால் முடி நீரை உறிஞ்சி உப்புவதையும் புரதம் இழப்பதையும் அது குறைக்கிறது. பிரச்சினை எண்ணெயைப் போக்குவதற்காகப் பின்னால் நடக்கும் தேய்ப்பில்தான் இருக்கிறது. கொங்குப் பகுதி வீடுகளில் அரப்புத்தூளையோ சீயக்காயையோ குழைத்து அழுத்தித் தேய்ப்பது வழக்கம். இவற்றிலுள்ள சப்போனின்கள் எனப்படும் நுரைக்கும் பொருள்கள் எண்ணெயை நன்றாகவே நீக்கும்; ஆனால் கொரகொரப்பான தூளை முடி நெடுகிலும் வைத்துத் தேய்க்கும்போது ஏற்கெனவே தளர்ந்திருக்கும் செதில்கள் மேலும் உராய்ந்து உதிர்கின்றன. சில கற்றைகளுக்கு மட்டும் வெளிர் நிறம் தரும் ஹைலைட்ஸ் இட்டவர்களுக்கு இவற்றின் பழுப்பு, பச்சைச் சாயல் முடியில் ஏறிவிடும் சங்கடமும் உண்டு. அம்மாயி கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிக் கொடுத்த பச்சை எண்ணெய்க்கும் இது பொருந்தும். கருமையான முடியில் தெரியாத அந்தச் சாயல், கேரமல் நிறக் கற்றையில் உடனே தெரிந்துவிடும். எண்ணெயின் அளவைக் குறைத்து, வெள்ளைத் தேங்காய் எண்ணெயாகவே வைத்துக்கொண்டு, மென்மையான திரவ ஷாம்பூவை உச்சந்தலையில் மட்டும் தேய்த்து, வழிந்து வரும் நுரையால் நுனிமுடியைக் கழுவினால் போதும். குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவது எல்லாவற்றையும்விட மோசமானது. சாதாரண சோப்பின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9 முதல் 10 வரை இருக்கும். அந்தக் காரம் செதில்களை மறுபடியும் திறந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். சேலத்தில் வண்ணமிட்ட முடியைப் பேணுவதில் இதைவிட முக்கியமானது வேறில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நகரின் வடமேற்கே, சேர்வராயன் மலை அடிவாரத்தில், வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் தலைமுறைகளாக வெட்டியெடுக்கப்பட்டு வருகிறது. மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். நிலத்தடி நீரைக் கடினமாக்குபவை கரைந்திருக்கும் மெக்னீசியமும் கால்சியமும்தான் என்பதால், இப்படிப்பட்ட பாறைகள் உள்ள மண்ணில் போர்வெல் தண்ணீர் சோப்புக்கு நுரைக்காமல் போவதில் வியப்பில்லை. இதே நகரத்தில் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரும் குழாயில் கிடைக்கிறது. ஆனால் காவிரித் தண்ணீரைக் குடிப்பதற்கும் சமையலுக்கும் பிடித்து வைத்துவிட்டு, குளியலுக்கு மொட்டைமாடித் தொட்டியிலுள்ள உப்புத்தண்ணீரைப் பயன்படுத்துவதே பெரும்பாலான வீடுகளின் ஏற்பாடு. இந்திய தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு ஏற்கத்தக்க கடினத்தன்மையாக லிட்டருக்கு 200 மில்லிகிராமையும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 600 மில்லிகிராம் வரையும் வகுத்திருக்கிறது. ஆனால் 180 மில்லிகிராமைத் தாண்டினாலே அதை மிகக் கடினமான நீர் என்று வகைப்படுத்துவார்கள். அதாவது, குடிக்கத் தகுந்தது என்று சான்று பெற்ற நீர்கூட முடிக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த உப்புகள் சாயத்தை நேரடியாகக் கரைத்துவிடுவதில்லை. அவை முடியின் மேல் படிந்து, மினுமினுப்பை மறைத்து, தொட்டால் சொரசொரப்பாக்குகின்றன. நிறம் உள்ளேயே இருந்தாலும் வெளியே தூசு படிந்ததுபோல் மங்கித் தெரிகிறது. நிறம் போய்விட்டது என்று நினைத்து மேலும் சாயம் பூசுவது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தண்ணீரில் இரும்போ செம்போ கலந்திருந்தால், அது முடியில் ஏறிச் செம்மையோ பச்சையோ தருவதோடு, அடுத்த முறை பெராக்சைடு படும்போது அதனுடன் வினைபுரிந்து முடியின் சேதத்தையும் கூட்டுகிறது.

இதற்காக ஷவர் முனையில் மாட்டும் வடிகட்டியை வாங்குவது பலர் செய்யும் வீண் செலவு. அவற்றில் பெரும்பாலானவை குளோரினையும் வண்டலையும் குறைக்குமே தவிர, கடினத்தன்மையைக் குறைப்பதில்லை. அதற்கு அயனிப் பரிமாற்ற முறையில் இயங்கும் வாட்டர் சாஃப்ட்னர் வேண்டும். வாடகை வீட்டில் அதைப் பொருத்த முடியாதவர்களுக்கு என் பரிந்துரை மிக எளியது. வழக்கமான தண்ணீரில் குளித்து முடித்த பின், கடைசியாக இரண்டு, மூன்று குவளை காவிரித் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ தலையில் ஊற்றி அலசிக்கொள்ளுங்கள். முடி உலரும்போது அதில் தங்கிப் படிவது அந்தக் கடைசித் தண்ணீரில் உள்ளவைதான். மாதத்துக்கு ஓரிரு முறை, இ.டி.டி.ஏ. போன்ற உப்பு நீக்கும் பொருள் கலந்த கிலேட்டிங் ஷாம்பூவைப் பயன்படுத்தலாம். வாரந்தோறும் பயன்படுத்தினால் அதுவே நிறத்தையும் சேர்த்து இழுத்துவிடும். சல்பேட் இல்லாத ஷாம்பூ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது மென்மையானதுதான், ஆனால் உப்புத்தண்ணீரில் நுரை வரவில்லையே என்று மும்முறை போட்டுத் தேய்த்தால், சாதாரண ஷாம்பூவை ஒருமுறை போட்டதைவிட முடி அதிக நேரம் நீரில் ஊறுகிறது. நுரையை வைத்துச் சுத்தத்தை அளக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

ஏற்காட்டில் வசிப்பவர்களுக்கும் அங்கே சென்று தங்குபவர்களுக்கும் சிக்கல் வேறு விதமானது. குளிருக்கு இதமாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொள்வது நிறத்தை மிக வேகமாகக் குறைக்கும். உடம்புக்கு எவ்வளவு சூடு வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு, தலைக்கு மட்டும் வெதுவெதுப்பாக விளாவிக்கொள்ளலாம். இன்னொன்று வெயில். மேலே ஏற ஏற, ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர்களின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், குளிர்காற்றில் சுடாத அந்த வெயில் புற ஊதாக் கதிர்களைப் பொறுத்தவரை சேலத்து வெயிலைவிட வலுவானது; பனிமூட்டமும் அந்தக் கதிர்களை முழுமையாகத் தடுப்பதில்லை. ஏரிக்கரையிலும் லேடிஸ் சீட்டிலும் நாளெல்லாம் திறந்த தலையுடன் சுற்றுபவர்கள் ஒரு தொப்பியோ பருத்தித் துண்டோ வைத்துக்கொள்வது நல்லது. கீழே நகரத்தில் இருசக்கர வாகனம் ஓட்டுபவர்கள் ஈரத்தலையின் மேலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதும் தவறுதான். நீரில் ஊறிய முடி வலுவிழந்திருக்கும். அந்த நிலையில் உராயும்போது எளிதில் அறுந்துவிடும்.

ஆடி மாதத்தில் இந்த ஊருக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகையும் குகை வண்டி வேடிக்கையும் வருகின்றன என்று அதற்கு முந்தைய வாரமே ஹைலைட்ஸ் இட்டுக்கொண்டு, பிறகு மஞ்சள் நீராட்டில் தலையைக் கொடுப்பவர்கள் உண்டு. வெளுக்கப்பட்ட முடி நுண்துளைகள் நிறைந்தது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அதில் உடனே பற்றிக்கொள்ளும். பதறிப்போய் சோப்பைப் போட்டால் காரத்தில் மஞ்சள் சிவக்கும் என்பது குங்குமம் செய்பவர்களுக்குத் தெரிந்த கதை. குர்குமின் வெளிச்சத்தில் தானாகவே மங்கக்கூடியது என்பதால், மென்மையான ஷாம்பூவால் ஓரிரு முறை அலசிவிட்டுப் பொறுத்திருப்பதே சரி. மஞ்சள் நீர் ஊற்றுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், தலையை நல்ல தண்ணீரில் நனைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகலாம். நீச்சல் குளத்தில் இறங்கும் முன்பும் இதையே செய்யலாம்.

நிறம் மங்கத் தொடங்கியதும் பலரும் வாங்குவது ஊதா நிற ஷாம்பூ. இணையத்தில் பொன்னிறக் கூந்தல்காரர்கள் அதைப் பயன்படுத்துவதைப் பார்த்து வாங்குகிறார்கள். ஊதா, மஞ்சளை அடக்கும் நிறம். நம்முடைய கருமுடியை வெளுக்கும்போது அது சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்ற வரிசையில் நிறம் மாறுகிறது. இங்கே பெரும்பாலானோர் இடும் கேரமல், தேன் நிறங்களுக்குச் செம்மஞ்சள் நிலையிலேயே நிறுத்திவிடுவார்கள். செம்மஞ்சளை அடக்குவது நீலம். ஆகவே ஊதா ஷாம்பூ எத்தனை முறை போட்டாலும் அந்தச் செம்மஞ்சளான பித்தளைச் சாயல் போகாது. நீல ஷாம்பூ வேண்டும், அதுவும் வாரத்துக்கு ஒருமுறை போதும். ஸ்ட்ரெய்ட்னரை 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைப்பதும் இதே செம்மையை வரவழைக்கும்.

சமையலறை வைத்தியங்களில் நீளமாகப் பேச எதுவும் இல்லை. எலுமிச்சைச் சாறு நிறத்தை வெளுக்கும், சமையல் சோடா செதில்களைத் திறக்கும். ஏற்காட்டுக் காப்பிப்பொடியில் டிகாக்ஷன் போட்டுத் தலையில் ஊற்றினால் ஓரிரு குளியல் தாங்கும் பழுப்பு கிடைக்கும். அந்தக் காப்பியைக் குடித்துவிடலாம் என்பது என் கருத்து.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வதால், நரையை மறைக்க வண்ணமிட்டவர்களுக்கு நான்காவது வாரத்திலேயே வகிட்டில் வேர்முடி வெளுத்துத் தெரியும். கடையில் பாக்கெட் டை வாங்கி உச்சி முதல் நுனி வரை பூசிவிடுவது அப்போது நடக்கும் பெரிய தவறு. நுனிமுடியில் சாயத்தின் மேல் சாயமாக ஏறி, கடைசியில் நுனி கருத்தும் வேர் வெளிறியும் நிற்கும். அதைச் சீராக்கப் பார்லரில் ஆகும் செலவு முதலில் வண்ணமிட்ட செலவைவிடக் கூடுதலாகலாம். புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டுமே பூச வேண்டும். நரையை மறைக்க 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 விழுக்காடு பெராக்சைடு, வழக்கமாகப் போதுமானது. சீக்கிரம் பிடிக்கட்டும் என்று 40 வால்யூமை வீட்டில் கையாளக் கூடாது. கலக்கிய சாயத்தில் மீந்ததை மூடி போட்டு எடுத்து வைக்கவும் கூடாது. அதன் வினை தொடர்ந்து நடந்துகொண்டே இருப்பதால் வாயு சேர்ந்து பாத்திரம் வெடித்துவிடக்கூடும். மறுநாள் அதில் நிறம் பிடிக்கும் தன்மையும் இருக்காது.

பத்து வருடமாக இதே டைதான், எனக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. பல சாயங்களில் உள்ள, பி.பி.டி. எனப்படும் பாராஃபெனிலின்டையமின் என்ற சாயப்பொருள் மீதான ஒவ்வாமை, பல முறை பயன்படுத்திய பிறகும் திடீரென உருவாகலாம். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன்பே காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ சிறிது தடவிப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் அந்தச் சாயத்தைத் தொடக் கூடாது. கண்ணிமையோ முகமோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 'கருப்பு மருதாணி' என்று விற்கப்படும் பொடிகளிலும் பி.பி.டி. கலந்திருப்பதுண்டு. தூய மருதாணி இலை செம்மஞ்சள் நிறத்தை மட்டுமே தரும். பூசிய உடனே கருக்கும் பொடி தூய மருதாணியாக இருக்க முடியாது.

இடையில் மருதாணியோ, நீலச் சாயம் தரும் அவுரிப் பொடியோ பூசியிருந்தால், அடுத்த முறை பார்லரில் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவுரி ஏறிய முடியை வெளுத்தால் பச்சை நிறம் வரக்கூடும். உலோக உப்புகள் கலந்த பொடி ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி, புகைந்து, அறுந்துவிடவும் கூடும். தோளைத் தாண்டிய 40 சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு வயது மூன்று வருடத்துக்கு மேல் என்பதால், போன தீபாவளிக்குப் பூசியதையும் சொல்ல வேண்டும். என்ன பூசினோம் என்று நினைவில்லை என்றால், பின்னந்தலையிலிருந்து ஒரு சிறு கற்றையை வெட்டி, சில துளி அம்மோனியா சேர்த்த 6 விழுக்காடு பெராக்சைடில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பார்க்கும்படி அழகுக்கலைஞரிடம் கேட்கலாம். கிண்ணம் சூடானாலோ துர்நாற்றம் வீசினாலோ, அந்த முடி வளர்ந்து வெட்டப்படும் வரை வெளுக்கும் வேலை எதையும் அதன்மேல் செய்யக் கூடாது.