கொல்லையில் தேனீக்கள் குடியேறினால்: தீப்பந்தம் தேடுமுன் செய்ய வேண்டியவை

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி காயப்போடக் கொல்லைக்குப் போன அம்மா, வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். எலுமிச்சை மரத்தைச் சுற்றிப் புழுதிக் காற்று சுழல்வதுபோலத் தேனீக்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம்கூட இரைச்சல் கேட்டது. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு கிளையில் மட்டும் பலாப்பிஞ்சு அளவுக்குப் பழுப்பாக ஒரு கொத்து தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மண்ணெண்ணெய், தீப்பந்தம், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே. கடைசியில் ஒன்றும் செய்யவில்லை. இரக்கப்பட்டு அல்ல, கிட்டே போக யாருக்கும் துணிச்சல் இல்லை. மறுநாள் மதியம் கொத்து தானாகவே எழுந்து, கூரைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது.

அடுத்த வருடம் இன்னொரு கூட்டம் வந்தது. அது போகவில்லை. அந்த இரண்டு அனுபவத்திலும், பிறகு தேனீ வளர்ப்பவர் ஒருவர் கூடவே நின்று பார்த்ததிலும் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: தள்ளி நில்லுங்கள்

பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் நாயோ ஆடோ கட்டியிருந்தால் முதல் வேலையாக அதை அவிழ்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். நாம் ஓடிவிடலாம், கட்டிப்போட்ட பிராணியால் ஓட முடியாது. தேனீ கொட்டி உயிர்விடும் வளர்ப்புப் பிராணிகள் பெரும்பாலும் இப்படிக் கட்டுண்டு கிடந்தவைதான்.

புல் வெட்டும் இயந்திரம், துளை போடும் இயந்திரம் எதையும் பக்கத்தில் ஓட்ட வேண்டாம். அதிர்வு அவற்றுக்குப் பிடிக்காது. கல் எறிவது, குச்சியால் தட்டிப் பார்ப்பது, கிட்டே போய் வீடியோ எடுப்பது எல்லாம் ஒரே ரகம்.

படி 2: தேனீதானா என்று பாருங்கள்

கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். தேனீயின் உடலில் மென்மயிர் இருக்கும், உருண்டுதிரண்டு இருக்கும். குளவி வழவழப்பானது, இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும். குளவிக் கூடு காகிதம்போலவோ மண்ணாலோ இருக்கும். தேனடை மெழுகு. இனி சொல்லப்போவதெல்லாம் தேனீக்குத்தான், குளவிக்குப் பொருந்தாது.

படி 3: கொத்தா, அடையா?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அவசரப்படாமல் அரை மணி நேரம் செலவழியுங்கள்.

கொத்து என்பது வெறும் தேனீக்கள். ஒன்றையொன்று கால்களால் பற்றிக்கொண்டு தொங்கும். உள்ளே அடை இருக்காது. ஒரு கூட்டில் இடம் போதாமல் நெருக்கடி வந்ததும் பழைய ராணி, பாதிக்கு மேற்பட்ட பணித் தேனீக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். தாய்க்கூடு புதிய ராணிக்கு. தேனீ வளர்ப்பவர்கள் இதைக் கூட்டம் பிரிதல் என்பார்கள். உங்கள் மரத்தில் உட்கார்ந்திருப்பது பயணத்தின் நடுவில் இளைப்பாறும் கூட்டம்.

அடை வைத்துவிட்டது என்றால் நடமாட்டமே வேறு மாதிரி. தேனீக்கள் ஒரே வழியில் போவதும் வருவதுமாக இருக்கும். திரும்பி வருபவற்றின் பின்னங்கால்களைக் கவனியுங்கள். மஞ்சளாகவோ வெண்மையாகவோ சின்ன உருண்டை ஒட்டியிருந்தால் அது மகரந்தம். உள்ளே புழு வளர்கிறது, குடித்தனம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

படி 4: கொத்து என்றால் காத்திருங்கள்

சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் பெரும்பாலும் போய்விடும். கிளம்பும்போது ஒவ்வொன்றும் வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கும். காக்க வேண்டிய புழுவோ சேமிப்போ கிடையாது. அதனால் பார்க்கப் பயமாக இருந்தாலும், தேனீக்கள் அதிகம் சாந்தமாக இருப்பது இந்தச் சமயத்தில்தான். அதற்காகத் தொட்டுப் பார்க்க வேண்டாம். நாள் கணக்கில் தொங்கிப் பசியில் இருக்கும் கொத்து எரிச்சலாகவும் இருக்கலாம்.

இந்த நேரத்தில் அவை சும்மா இருப்பதில்லை. சில நூறு வேவுத் தேனீக்கள் மரப்பொந்து, சுவர் இடுக்கு என்று வீடு தேடி அலையும். நல்ல இடம் கிடைத்தால் திரும்பி வந்து கொத்தின் மேலேயே ஆடித் திசையும் தூரமும் சொல்லும். 1949இல் மியூனிக் நகரில் மார்ட்டின் லிண்டவர் என்ற ஆராய்ச்சியாளர் இப்படித் தொங்கிய கொத்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிய தேனீக்களின் மேல் மகரந்தத்துக்குப் பதிலாகக் கரியும் செங்கல் தூளும் அப்பியிருந்தன. போரில் இடிந்த நகரத்தின் புகைபோக்கிகளிலும் சுவர்களிலும் நுழைந்து பார்த்துவிட்டு வந்திருக்கின்றன! உணவு இருக்கும் இடத்தை மட்டுமல்ல, வீட்டையும் ஆடித்தான் சொல்கின்றன என்று அவருக்குப் பிடிபட்டது அங்கேதான்.

கிளம்பப்போகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். இறுக்கமாக இருந்த கொத்து தளரும், மேற்பரப்பில் தேனீக்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். சில நிமிடங்களில் மொத்தமும் காற்றில் இருக்கும். அப்போது வெளியே நிற்காதீர்கள். மூன்று நாள் தாண்டியும் அப்படியே இருந்தால், அல்லது வெள்ளையாக மெழுகு தெரிய ஆரம்பித்தால், அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 5: அடை வைத்துவிட்டது என்றால், எந்த வகை?

கட்டைவிரல் பருமன் குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவில் ஒற்றை அடை, சின்னச் சின்னத் தேனீக்கள் என்றால் அது கொம்புத் தேனீ. தொந்தரவு செய்யாவிட்டால் அதன் பாட்டுக்கு இருக்கும். அந்தக் கிளையை இப்போதைக்கு வெட்டாதீர்கள், அவ்வளவுதான்.

சுவர் ஓட்டையில் பிசின் குழாய் நீட்டிக்கொண்டு, கொசு அளவில் கறுப்பாகச் சிலது போய்வந்தால் அது கொசுத் தேனீ. கொடுக்கால் கொட்டாது. படிப்பதை இங்கேயே நிறுத்திவிடலாம்.

பொந்து, பெட்டி, சுவர் இடுக்கு போன்ற இருட்டான இடத்தில் பல அடைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தால் அது அடுக்குத் தேனீ, அல்லது பெட்டியில் வளர்க்கும் இத்தாலியத் தேனீ. இவற்றைப் பெட்டிக்கு மாற்றி வளர்க்க முடியும் என்பதால், உயிரோடு எடுத்துச் செல்ல ஆள் கிடைப்பது சுலபம்.

உயரமான கிளையிலோ மாடி விளிம்பின் அடியிலோ வெட்டவெளியில் ஒரே பெரிய அடை, ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கலாம், என்றால் மலைத்தேனீ. இதில் மட்டும் தைரியம் காட்டாதீர்கள். சீண்டினால் கூட்டமாக வந்து நூறு மீட்டருக்கு மேலும் துரத்தும். அடையை மூடியிருக்கும் தேனீக்கள் வயிற்றை வரிசையாகத் தூக்கிக் காட்ட, அடை மேல் அலை ஓடுவதுபோலத் தெரியும். அழகுதான், ஆனால் அது எச்சரிக்கை. பின்வாங்குங்கள். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் வகை. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் இருந்தால் தானாகப் போகும்வரை விடலாம். பள்ளிக்கூட வாசல், மாடிப்படி மாதிரி இடம் என்றால் பழகிய ஆள்தான் வர வேண்டும். இரவில் இவை விளக்கைத் தேடி வரும், அந்தப் பக்க விளக்கை அணைத்து வையுங்கள்.

படி 6: ஆளைக் கூப்பிடுவது

தேன் எடுக்க வருபவரும் தேனீ வளர்ப்பவரும் ஒன்றல்ல. முன்னவர் அடையைப் பிழிந்துகொண்டு போய்விடுவார், தேனீக்கள் அனாதையாகச் சுற்றும். அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: "ராணியோடு உயிரோடு எடுத்துப் பெட்டியில் வைப்பீர்களா?" பதில் இழுபட்டால் வேறு ஆளைத் தேடுங்கள்.

எங்கள் வீட்டு இரண்டாவது கூட்டம் அடுக்குத் தேனீ. இணைப்பு துண்டித்துக் காலியாகக் கிடந்த பழைய மீட்டர் பெட்டிக்குள் ஏழு அடை. வந்தவர் முதலில் பத்து நிமிடம் சும்மா நின்று பார்த்தார். அப்புறம் புகைப்பானில் தேங்காய் நாரைக் கொளுத்தி இரண்டே இரண்டு ஊது. புகை வந்தால் தேனீக்கள் தேனைக் குடிக்கப் போய்விடும். ஆபத்து என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் வாசனையும் புகையில் அமுங்கிப்போகும். புகை நிறைய வேண்டியதில்லை.

ஓர அடையை மெல்ல அறுத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மேல் விளிம்பில் தேன், அதற்குக் கீழே ஒரு பட்டை மகரந்தம், அதற்கும் கீழே மூடி போட்ட புழு அறைகள். புழு இருந்த பகுதியை மட்டும் மரச்சட்டத்தில் பொருத்தி நூலால் கட்டினார். தேன் பகுதி தனிப் பாத்திரத்துக்கு. நான்காவது அடையில் ராணி. மற்றதைவிட நீளமாக, இறக்கை முதுகில் பாதியோடு நின்றுபோய், கூட்டத்துக்குள் நழுவி நழுவி மறைந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டு, ராணி வெளியேற முடியாத தகட்டை வாசலில் வைத்தார். சிறிது நேரத்தில் வாசலில் பத்துப் பதினைந்து தேனீக்கள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு இறக்கையை விசிற ஆரம்பித்தன. "இனி நாம ஒண்ணும் செய்ய வேண்டாம், அதுங்களே கூப்பிட்டுக்கும்" என்றார். மீட்டர் பெட்டியில் மிச்சமிருந்தவை ஒரு கோடுபோல நடந்தே உள்ளே போயின.

பெட்டியை இருட்டும்வரை அதே இடத்தில் விட்டார். வெளியே போனவை திரும்ப வேண்டுமே. இரவில்தான் தூக்கிப் போனார். கையில் சிவப்பு விளக்கு, ஏனென்றால் தேனீக்குச் சிவப்பு தெரியாது. வெள்ளை டார்ச் அடித்தால் நேராக அதை நோக்கி வரும். கொண்டுபோகும் இடமும் கொஞ்ச தூரத்தில் இருக்க வேண்டும், இரண்டு மூன்று கிலோமீட்டராவது. தெருக்கோடியில் வைத்தால் மறுநாள் காலையில் பாதிப் பேர் பழைய விலாசத்துக்கே வந்து நிற்பார்கள்.

முதல்முறை பார்ப்பவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்க வேண்டாம். வேலை முடியும்வரை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருங்கள்.

மருந்து அடித்தால் என்ன?

கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். சுவருக்குள் இருக்கும் கூட்டத்தைக் கொன்றால் பிணமும் தேனும் உள்ளேயே கிடக்கும். விசிறிக் குளிர்விக்க ஆள் இல்லாததால் வெயிலில் மெழுகு இளகித் தேன் சுவரில் கசியும். எறும்பு வரும், மெழுகு அந்துப்பூச்சி வரும். வேறு கூட்டுத் தேனீக்கள் அந்த விஷத் தேனைத் திருடிக்கொண்டுபோய்த் தங்கள் புழுக்களுக்குக் கொடுக்கும். தீ வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தேனடையின் மெழுகு நன்றாக எரியும், பக்கத்தில் உங்கள் வீடு இருக்கிறது.

படி 7: போனபின் இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மெழுகு வாசனை இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு அதுவே அழைப்பு. ஒட்டியிருக்கும் மெழுகைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவி, காய்ந்ததும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். காற்றோட்டத் துளை என்றால் நெருக்கமான கம்பி வலை. கண் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உள்ளே தேனீக்கள் இருக்கும்போது மட்டும் அடைக்காதீர்கள். வேறு வழி தேடி வீட்டுக்குள் வந்துவிடும்.

கொட்டிவிட்டால்

கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். கிள்ளி எடுப்பதா நகத்தால் சுரண்டுவதா என்று யோசிக்கும் நேரத்தில் விஷப்பை சுருங்கிச் சுருங்கி உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும், எப்படி எடுத்தாலும் சரி. எடுத்ததும் அங்கிருந்து நகருங்கள். கொட்டிய இடத்தில் வாழைப்பழம்போல ஒரு மணம் வரும். அது மற்ற தேனீக்களுக்கு "இங்கே வா" என்று சொல்லும் வாசனை. சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். கொட்டிய இடம் இரண்டு நாள் வீங்கி அரிப்பது சகஜம்.

ஆனால் மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் நிறையக் கொட்டுகள் விழுந்திருந்தால் இதேதான். கூட்டமாகத் துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். இரண்டு மூன்று கூடவே வந்தாலும் பரவாயில்லை. தண்ணீருக்குள் குதிக்காதீர்கள், தலையைத் தூக்கும்வரை மேலே காத்திருக்கும்.

கூடு இல்லை, தண்ணீருக்குத்தான் வருகின்றன என்றால்

வெயில் காலத்தில் குழாயடியையும் துணித் தொட்டியையும் தேனீக்கள் மொய்ப்பது தாகத்தால். கூட்டைக் குளிர்விக்கவும் அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் தலை நீட்டும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொல்லைக் கோடியில் வையுங்கள். கல் இல்லாவிட்டால் மூழ்கிவிடும். சொட்டும் குழாயையும் சரிசெய்யுங்கள். பழகச் சில நாள் ஆகும். பழகியபின் தட்டைக் காயவிடக் கூடாது. ஒருநாள் வற்றினால் மறுநாள் அவை பக்கத்து வீட்டு வாளியில் இருக்கும், அப்புறம் அவர் வந்து கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான்.