அலுவலகக் கணினியில் அந்தரங்கம்: அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் அரசுப் பணியில் இருப்பவருக்கு, தனியார் நிறுவன ஊழியருக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு உண்டு. வேலை கொடுத்திருப்பது அரசே என்பதால், நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் அலுவலகத்துக்குள்ளும் அவருக்குத் துணை நிற்கிறது. ஆனால் அதை மிகையாக மதிப்பிடக் கூடாது. பணி தொடர்பான தேடலுக்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை, அது நியாயமான காரணத்தோடு தொடங்கி அளவு மீறாமல் நடந்தால் போதும் என்பதே 1987இல் ஓ'கானர் எதிர் ஒர்டேகா வழக்கிலிருந்து நிலைபெற்ற அளவுகோல்.

ஆகவே, பணியில் சேர்ந்த அன்று வாசிக்காமலே கையெழுத்திட்ட கணினிப் பயன்பாட்டு விதிகளை முதலில் தேடி எடுத்து வாசியுங்கள். கண்காணிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்று அதில் எழுதியிருந்தால், அலுவலக மின்னஞ்சலில் அந்தரங்கத்தை எதிர்பார்த்ததாகப் பின்னர் வாதிடுவது கடினம்.

மேலதிகாரியின் வாய்மொழி உறுதியை நம்பி விதியை மறந்துவிடாதீர்கள். கலிபோர்னியாவின் ஆன்டாரியோ நகரக் காவல்துறை அதிகாரி ஒருவருக்கு, மாதம் 25,000 எழுத்துகள் என்ற வரம்புடன் பேஜர் (குறுஞ்செய்தி அனுப்பிப் பெறும் சிறு கருவி) தரப்பட்டிருந்தது. கூடுதல் கட்டணத்தைத் தாமே செலுத்திவிட்டால் செய்திகளைப் பார்க்க மாட்டோம் என்று மேலதிகாரி கூறியிருந்ததால், அவரும் சில முறை செலுத்தினார். அந்த வரம்பு போதுமானதா என்று அறிய முனைந்த துறை, 2002இல் அவருடைய செய்திகளை வரவழைத்துப் படித்தது. ஒரே மாதத்தில் பணி நேரத்தில் பதிவான 456 செய்திகளில் அதிகபட்சம் 57 மட்டுமே பணி சார்ந்தவை. மற்றவை சொந்த விஷயங்கள். தம் செய்திகளைப் படித்தது நான்காம் திருத்தத்தை மீறியது என்று அவர் வழக்குத் தொடுத்தார். அந்தத் தேடல் நியாயமானதே என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணி நேரத்துக்கு வெளியே அனுப்பியவற்றை நீக்கிவிட்டுப் படித்ததும் துறைக்குச் சாதகமாக அமைந்தது.

அப்படியானால் சொந்தக் கைபேசிக்கு மாறிவிடலாமே என்று தோன்றும். சொந்த விஷயங்களுக்கு அது சரியான வழிதான். குறிப்பாக வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் எழுதுபவை அலுவலகக் கணக்கையோ வலையமைப்பையோ தொடவே கூடாது. ஆனால் அரசுப் பணியைப் பற்றிச் சொந்தக் கணக்கில் எழுதினாலும் அது பொதுமக்கள் கேட்டுப் பெறக்கூடிய பொதுப் பதிவாகலாம் என்று சான் ஹோசே நகரம் தொடர்பான வழக்கில் 2017இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகையால் பணிச் செய்தி சொந்தக் கைபேசிக்கு வந்தால், அதை அலுவலகக் கணக்குக்கு அனுப்பி, பதிலையும் அங்கிருந்தே எழுதுங்கள்.

விசாரணை தொடங்கிவிட்டால் எதையும் அழிக்காதீர்கள். அழித்ததே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். எந்தக் காலத்துச் செய்திகள், எந்தக் காரணத்துக்காகக் கேட்கப்படுகின்றன என்பதை எழுத்தில் கேளுங்கள். சொந்தக் கைபேசியைக் கேட்டால், தொழிற்சங்கத்தையோ வழக்கறிஞரையோ கலந்துகொள்ள அவகாசம் கேட்டு, அந்தக் கோரிக்கையையும் எழுத்திலேயே பதிவு செய்யுங்கள்.